ஹேண்டியில் ரிப்பீட்டரைப் பிடிப்பது எப்படி? புது ஹாம்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதற்கு, லைசென்ஸ் வந்து, ஹேண்டி என்கிற கையடக்கக் கருவியும் வந்து, பதினோரு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று, லைசென்ஸோடு கிடைத்த அழைப்புப் பெயரான கால்சைனைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. மலை மேல் இருக்கும் ரிப்பீட்டர், அதாவது ஒருவர் பேச்சை வாங்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்பும் பெட்டி, வழியாக மற்றவர்கள் பேசுவதெல்லாம் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது. நான் கூப்பிட்டால் மட்டும் சத்தமே இல்லை. கருவி பழுது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பெரியவரின் குரல் வந்தது. நாலு தெரு தள்ளி இருப்பவர், முப்பது வருடமாக ஹாம். "தம்பி, இன்புட்டில நல்லா வர்றீங்க. ஆனா ரிப்பீட்டர் ஓப்பன் ஆகல. டோன் எந்த மெனுவுல வச்சீங்க? அப்படியே சொல்லுங்க, நான் இன்புட்டிலயே கேட்டுக்கிறேன்." இன்புட் என்றால் ரிப்பீட்டர் நம்மைக் கேட்கும் அலைவரிசை, டோன் என்றால் அதைத் திறக்கும் சாவி மாதிரி ஒரு முனகல். நான் "மெனு 11 சார்" என்றேன். "அதான் விஷயம். 13-க்குப் போங்க." போனேன். அடுத்த முறை பிடிடியை (பேசுவதற்கு அமுக்கும் பொத்தான்) அமுக்கி விட்டதும் மலை மேலிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் திரும்பி வந்தது. பதினோரு நாளாக நான் பேசியது அந்தப் பெரியவர் வீட்டுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது.

ரிப்பீட்டர் உங்களுக்குக் கேட்பது வேறு, நீங்கள் ரிப்பீட்டருக்குக் கேட்பது வேறு. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு அந்தப் பதினோரு நாள் மிச்சம். நீங்களாவது அப்படி நிற்காமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாம் இந்திய விதிகளுக்கும், நம்மூரில் பெரும்பாலோர் முதலில் வாங்கும் மலிவான ஹேண்டிக்கும் பொருந்தும்படி இருக்கும்.

1. லைசென்ஸுக்கு முன்னால் கருவி வாங்காதீர்கள்

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஹேண்டி கிடைக்கிறதே, வாங்கி வைத்துவிட்டுப் பரீட்சை எழுதலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பேசுவது மட்டும் தப்பு என்றில்லை, அனுப்பும் கருவியை வைத்திருப்பதே தப்பு. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளில் வாக்கி டாக்கி விற்பதற்குத் தனியாக நெறிமுறைகள் வெளியிட்டது. ஆகவே "கடையில் விற்கிறார்களே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், லைசென்ஸ் இல்லாமல் பேசும் வாக்கி டாக்கிகள் உண்டு. ஓட்டல், கல்யாண மண்டபம், கட்டட வேலை நடக்கும் இடங்களில் இவற்றைப் பார்க்கலாம். ஹாம் ரேடியோ வேறு. அந்தக் கருவியால் நம் ரிப்பீட்டரைத் தொட முடியாது. ஹாம் கருவியை அந்த அலைவரிசைக்குத் திருப்பிப் பேசுவதும் கூடாது.

பரீட்சை இரண்டு தரம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) வேண்டாம். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு எட்டு சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். ஹேண்டியில் ரிப்பீட்டர் பிடிக்க ரெஸ்ட்ரிக்டட் தாராளம். அதில் தேறியவர்களுக்கு வியூ3 என்று தொடங்கும் கால்சைன் வரும், ஜெனரலுக்கு வியூ2. வயது பன்னிரண்டு நிறைந்திருந்தால் போதும். வினாத்தாளில் இரண்டு பகுதி: ரேடியோ அடிப்படை ஒன்று, விதிமுறைகள் ஒன்று. ரெஸ்ட்ரிக்டடில் ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு நாற்பதும், மொத்தத்தில் ஐம்பதும் எடுக்க வேண்டும். இன்ஜினியரிங் படித்தவர்கள் முதல் பகுதியை ஊதித் தள்ளிவிட்டு இரண்டாம் பகுதியில் மாட்டிக்கொள்கிறார்கள். கியூ கோடு (கியூவில் தொடங்கும் சுருக்கக் குறிகள்), எழுத்துகளைச் சொல்லும் முறை (வி என்றால் விக்டர் என்பது போல), எந்த அலைவரிசை யாருக்கு, ஆபத்துச் செய்தி கேட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் மனப்பாட விஷயங்கள். ஒரு மாதம், தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

2. காகிதங்கள்: இனிஷியலில் விழாதீர்கள்

பரீட்சைக்கும் லைசென்ஸுக்கும் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில்தான் விண்ணப்பம். பரீட்சைக்குப் பதியும்போது ஒரு தடவை, தேறிய பிறகு லைசென்ஸுக்கு மறுபடி ஒரு தடவை. தேறியதும் எல்லாம் தானாக வந்துவிடும் என்று ஒன்றரை மாதம் சும்மா இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டாவது விண்ணப்பம் நீங்கள் போட்டால்தான் உண்டு.

கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிக்குச் சான்று, புகைப்படம், கையெழுத்தின் ஸ்கேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதக் கடிதம். தேறிய சான்றிதழைப் பத்திரமாக ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

நம்மூர்க்காரர்கள் தவறாமல் மாட்டும் இடம் பெயர். எனக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒற்றை எழுத்தாகப் பெயருக்கு முன்னால் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்து என் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. விண்ணப்பத்தில் நான் மூன்றாவதாக ஒரு தினுசில் அடித்திருந்தேன். விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வந்தது. திருத்தி, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி மறுபடி ஏற்றுவதற்குள் இரண்டு மாதம் போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது, முழுக்க என் கவனக்குறைவு. விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் எல்லாக் காகிதத்தையும் மேஜையில் பரப்பி வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

முகவரியிலும் ஒரு விஷயம் உண்டு. லைசென்ஸில் நிலையம் இருக்கும் இடமாக வரப்போவது நீங்கள் கொடுக்கும் முகவரிதான். ஆறு மாதத்தில் காலி செய்யப்போகும் வாடகை வீட்டைக் கொடுத்தால் பிறகு முகவரி மாற்றத்துக்குத் தனியாக அலைய வேண்டும். சொந்த ஊர் வீட்டுக்குச் சான்று இருந்தால், அங்கே அடிக்கடி போவீர்கள் என்றால், யோசித்து முடிவெடுங்கள்.

செலவு பெரிதில்லை. நான் கட்டியபோது பரீட்சைக்கு 100 ரூபாய். லைசென்ஸுக்கு இருபது வருடத்துக்கு 1,000 ரூபாய், வாழ்நாளுக்கு 2,000 ரூபாய். வாழ்நாளையே எடுத்துவிடுங்கள், புதுப்பிக்கும் நினைப்பே வேண்டாம். கட்டும் முன் தளத்தில் இப்போதைய தொகையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பணம் இணையத்திலேயே கட்டலாம். கட்டிய ரசீதை அந்த நிமிடமே பிடிஎஃப்ஆக இறக்கி வையுங்கள். பக்கம் நடுவில் தொங்கிவிட்டால் ரசீது எண் ஒன்றுதான் கைகொடுக்கும்.

காலம்? பரீட்சைத் தேதிக்கு ஓரிரு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும், லைசென்ஸுக்கு அதற்குமேல் சில மாதம். எனக்கு முதல் விண்ணப்பத்திலிருந்து கால்சைன் வரை ஒன்பது மாதம் ஆயிற்று, இனிஷியல் தின்ற இரண்டு மாதத்தையும் சேர்த்து.

3. எந்த ஹேண்டி, எவ்வளவு காசு

முதல் கருவிக்கு நிறையச் செலவழிக்காதீர்கள். பாவ்ஃபெங் யூவி-5ஆர் வகைக் கருவி இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துச் சொச்சத்துக்குள் கிடைக்கும். யேசு, ஐகாம், கென்வுட் என்று போனால் விலை பல மடங்கு. வித்தியாசம் உண்டு. சென்னை மாதிரி டவர்கள் நெருங்கிய ஊரில் மலிவுக் கருவி பக்கத்து அலைகளில் திக்குமுக்காடிப் போகும். நல்ல கருவி தாங்கும். ஆனால் ரிப்பீட்டர் பழக மலிவானது போதும். கை தவறிக் கீழே விழுந்தாலும் வயிறு எரியாது.

வாங்கும்போது பில் கட்டாயம் கேளுங்கள். கருவிக்கு உரிய வகை ஒப்புதல் சான்று இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.

இந்த மலிவுக் கருவிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. அவை ஹாம் அலைவரிசைக்கு வெளியிலும் தாராளமாக அனுப்பும். நமக்கு உரியது 144 முதல் 146 வரையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும். இதற்கு வெளியே காவல்துறை, தனியார் நிறுவனங்கள் என்று யார் யாரோ இருக்கிறார்கள். ஒரு எண்ணைத் தப்பாக அமுக்கிவிட்டுப் பிடிடியைத் தட்டினால் நீங்கள் போய் நிற்பது அவர்கள் வீட்டு வாசலில். பாக்கெட்டில் வைக்கும்போது விசைப்பூட்டு போடும் பழக்கம் முதல் நாளிலேயே வரட்டும்.

4. ரிப்பீட்டரின் மூன்று எண்கள்

ரிப்பீட்டர் என்பது ஓர் உயரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் பெட்டி. ஐந்து வாட் ஹேண்டி தரையில் ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டர் போனாலே பெரிய காரியம். கொடைக்கானல் மாதிரி ஒரு மலையில் ரிப்பீட்டர் இருந்தால் கதையே மாறிவிடும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், மதுரை 100 மீட்டர் சொச்சம். உயர வித்தியாசம் 2,000 மீட்டர் என்று வையுங்கள். அதன் வர்க்கமூலம் சுமார் 45. அதை 4.1-ஆல் பெருக்கினால் 180 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் வேறு மலையோ கட்டடமோ மறைக்காவிட்டால் அலை எட்டும் தூரம் ஏறக்குறைய அவ்வளவு.

உங்கள் பகுதி ரிப்பீட்டரைப் பற்றி மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள். வெளியீடு, அதாவது ரிப்பீட்டர் பேசும் அலைவரிசை, நீங்கள் கேட்பது இதில்தான். உள்ளீடு, அதாவது ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசை, நீங்கள் அனுப்ப வேண்டியது இதில். இரண்டு மீட்டர் பட்டையில் (144 முதல் 146 வரை உள்ளது) உள்ளீடு பெரும்பாலும் வெளியீட்டைவிட 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும். மூன்றாவது, டோன். மனிதக் காதுக்குச் சரியாகக் கேட்காத ஒரு தாழ்ந்த முனகல், உங்கள் பேச்சோடு சேர்ந்தே போகும். பூட்டுக்குச் சாவி மாதிரி. அது இல்லாமல் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் ரிப்பீட்டர் திரும்பிப் பார்க்காது.

இணையத்தில் கிடைக்கும் ரிப்பீட்டர் பட்டியல்களை அப்படியே நம்பாதீர்கள். பாதி பழையது. இடி விழுந்து நின்று போனது, டோன் மாற்றியது எதுவும் அதில் ஏறியிருக்காது. உள்ளூர் ஹாம் கிளப்பிலோ, தினமும் பேசுகிற சீனியரிடமோ கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள், கூடவே அரை மணி நேரம் பேசவும் செய்வார்கள்.

5. கருவியில் ஏற்றுவது

யூவி-5ஆரை வைத்துச் சொல்கிறேன். மெனு எண்கள் மற்ற கருவிகளில் மாறும், சங்கதி ஒன்றுதான். வெளியீடு 145.650, உள்ளீடு 145.050, டோன் 88.5 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஆரஞ்சு நிற விஎஃப்ஓ பொத்தானை அமுக்கி அலைவரிசை நிலைக்கு வாருங்கள். திரையில் மேல் வரி தேர்வாகியிருக்க வேண்டும். கீழ் வரியில் நின்றுகொண்டு செய்தால் சேமிப்பு ஏறாது, ஏன் ஏறவில்லை என்றும் கருவி சொல்லாது.

மெனு 7, இரட்டைக் கவனிப்பு, அதாவது இரண்டு வரியையும் மாறி மாறிக் கேட்பது. இதை அணைத்துவிடுங்கள். விட்டு வைத்தால் கீழ் வரியில் ஏதாவது சத்தம் வந்த நேரத்தில் நீங்கள் பிடிடியை அமுக்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். மெனு 5, அலையின் அகலம், வைடில் இருக்கட்டும். நேரோவில் வைத்தால் உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கேட்கும்.

அடுத்து டோன். மெனு 13, டி-சிடிசிஎஸ், 88.5. இது நீங்கள் அனுப்பும் டோன். மெனு 11, ஆர்-சிடிசிஎஸ், அணைந்திருக்கட்டும். அது நீங்கள் கேட்பதற்கு நீங்களே போட்டுக்கொள்ளும் பூட்டு. நான் இந்த இரண்டையும் மாற்றி வைத்ததுதான் பதினோரு நாள் கதை. எங்கள் ரிப்பீட்டர் தன் வெளியீட்டிலும் அதே டோனை அனுப்பிக்கொண்டிருந்ததால் எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. அதனால்தான் டோனில் தப்பு இருக்கும் என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. மெனு 10, 12 இரண்டும் வேறு வகை டோன். அவையும் அணைந்திருக்கட்டும்.

இப்போது 145650 என்று அடியுங்கள். மெனு 27-க்குப் போய் ஒரு காலி எண்ணைத் தேர்ந்தெடுங்கள். எண்ணுக்கு முன்னால் சிஎச் என்ற எழுத்துகள் நின்றால் அங்கே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று பொருள். மெனு 28-இல் அதை அழித்துவிட்டு வாருங்கள். மெனு பொத்தானை அமுக்கினால் கேட்கும் அலைவரிசை ஏறிவிடும். வெளியே வந்து 145050 என்று அடித்து, மறுபடி மெனு 27, அதே எண். இந்தத் தடவை அனுப்பும் அலைவரிசை ஏறும். ஒரே எண்ணில் இரண்டு தடவை சேமிப்பது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் வழி அதுதான்.

சேமித்த சேனலுக்கு மாறுங்கள். திரையில் 145.650 தெரிய வேண்டும். பிடிடியை அமுக்கியிருக்கும்போது மட்டும் அது 145.050 ஆக மாற வேண்டும். மாறவில்லை என்றால் இரண்டாவது சேமிப்பு ஏறவில்லை. இதைப் பார்க்கும்போதும் கால்சைனைச் சொல்லிவிட்டு விடுங்கள். சும்மா அமுக்கி விடுவது நல்ல பழக்கமில்லை.

கம்ப்யூட்டரில் சிர்ப் என்ற இலவச மென்பொருளை வைத்து மொத்தமாகவும் ஏற்றலாம். கேபிள்தான் தொல்லை. மலிவுக் கேபிளில் இருக்கும் போலிச் சில்லைப் புது டிரைவர் ஏற்காது. எஃப்டிடிஐ சில்லு உள்ள கேபிள் கொஞ்சம் விலை கூட, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும். எதையும் எழுதுவதற்கு முன் கருவியில் இருப்பதைப் படித்து ஒரு நகல் வைத்துவிடுங்கள்.

6. பேசும் முன் ஒரு வாரம் கேளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் ஒரு தெருவுக்கு இருப்பது போல வழக்கம் இருக்கும். காலையில் எத்தனை மணிக்கு நெட் (எல்லோரும் முறைவைத்துப் பேசும் கூட்டம்) நடக்கிறது, யார் நடத்துகிறார், பெயர் எப்படிக் கொடுக்கிறார்கள், தமிழிலா ஆங்கிலத்திலா என்பதெல்லாம் கேட்டாலே பிடிபடும். எங்கள் பக்கம் கால்சைனும் சிக்னல் ரிப்போர்ட்டும் (எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று சொல்வது) ஆங்கிலம், மீதிப் பேச்சு தமிழ். எண்பது வயதுக்காரரையும் "ஓஎம்" (ஓல்ட் மேன்) என்பார்கள். முதலில் எனக்கு வாய் வரவில்லை, "ஓஎம் சார்" என்று ஒப்பேற்றினேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

பேசக் கூடாதவை: வியாபாரம், அரசியல், மதம், பாட்டு, விளம்பரம். "வரும்போது அந்த ஆர்டரை எடுத்துட்டு வாங்க" என்பதுகூட வியாபாரம்தான்.

7. முதல் அழைப்பு

இடம் முக்கியம். வீட்டுக்குள் நின்று முயற்சி செய்யாதீர்கள். மாடி, இல்லாவிட்டால் மலைப் பக்கம் திறக்கும் ஜன்னல். ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும். இடுப்பில் மாட்டியபடி பேசினால் உங்கள் உடம்பே பாதி அலையைத் தின்றுவிடும்.

யாரும் பேசவில்லை என்று உறுதியானதும் பிடிடியை அமுக்கி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேசுங்கள். ரிப்பீட்டர் டோனைக் கண்டுபிடித்து விழிப்பதற்கு அந்த ஒரு நொடி வேண்டும். உடனே பேசினால் உங்கள் கால்சைனின் முதல் பாதி விழுந்துவிடும், எல்லோரும் உங்களைப் பாதிப் பெயரில் தெரிந்துகொள்வார்கள். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, சற்றுச் சாய்த்துப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள்.

"விக்டர் யூனிஃபார்ம் த்ரீ" என்று தொடங்கி, உங்கள் மூன்று எழுத்துகளையும் அதே முறையில் சொல்லி, "மானிட்டரிங்" என்று முடித்தால் போதும். நான் இங்கே இருக்கிறேன், யாராவது பேசலாம் என்று பொருள். ரிப்பீட்டரில் "சிக்யூ சிக்யூ" என்று பொது அழைப்பை நீட்டி முழக்க வேண்டியதில்லை. விட்டதும் ஒன்றிரண்டு நொடிக்கு ரிப்பீட்டரின் அலை அணையாமல் இருக்கும், கடைசியில் ஒரு "டிக்". அது கேட்டால் ரிப்பீட்டர் உங்களை எடுத்திருக்கிறது. பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம், கருவியைத் திட்ட வேண்டாம்.

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நுழைய வேண்டுமானால், ஒருவர் விட்டு அடுத்தவர் பிடிக்கும் அந்த இடைவெளியில் கால்சைனை மட்டும் சொல்லுங்கள். அதற்காகத்தான் பழகியவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு விட்டுப் பேசுகிறார்கள். நீங்களும் விடுங்கள். அவசரத்தில் இருப்பவர் நுழைய வேறு வழி கிடையாது. நீட்டிப் பேசவும் கூடாது. பெரும்பாலான ரிப்பீட்டர்கள் சில நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள் பிடித்திருந்தால் தானாகவே வாயை மூடிக்கொள்ளும். மெனு 9-இல் கருவியின் நேர வரம்பையும் 120 நொடி போல வைத்துக்கொள்ளுங்கள், பிடிடி எங்காவது நசுங்கினாலும் காப்பாற்றும்.

மெனு 39, ரோஜர் பீப். அணையுங்கள். ஒவ்வொரு தடவை விடும்போதும் அது போடும் கீச்சலுக்கு முதல் நாளே திட்டு கிடைக்கும்.

8. கேட்கிறது, எடுக்கவில்லை

இந்த வரிசையில் பாருங்கள். பிடிடி அமுக்கும்போது திரையில் உள்ளீடு காட்டுகிறதா? மெனு 13-இல் சரியான டோன் இருக்கிறதா? சேமித்த பிறகு டோனை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் சேனலில் ஏறியிருக்காது, அழித்துவிட்டு மறுபடி சேமிக்க வேண்டும். சக்தி ஹையில் இருக்கிறதா? பேட்டரி நிறைந்திருக்கிறதா? இதெல்லாம் சரி என்றால் பத்தடி நகர்ந்து பாருங்கள். இரண்டு மீட்டர் அலைக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு ஊர் மாதிரி.

ரிப்பீட்டர் மலை மேலிருந்து கூடுதல் சக்தியில், பெரிய ஆன்டெனாவில் பேசுகிறது. உங்களிடம் இருப்பது ஐந்து வாட்டும் ரப்பர் குச்சியும். அது முழுசாகக் கேட்பதால் நீங்களும் அங்கே முழுசாகக் கேட்பீர்கள் என்று எண்ண வேண்டாம்.

பக்கத்தில் இருக்கும் ஹாம் ஒருவரிடம் ரிவர்ஸில் கேட்கச் சொல்லுங்கள். யூவி-5ஆரில் நட்சத்திரப் பொத்தானைத் தட்டினால் கருவி உள்ளீட்டைக் கேட்க ஆரம்பிக்கும். அந்தப் பெரியவர் என்னைப் பிடித்தது இப்படித்தான். அவருக்கு நீங்கள் நன்றாகக் கேட்டு, ரிப்பீட்டர் மட்டும் எடுக்கவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு டோன்தான். பேசுகிறவர் உங்களுக்கு உள்ளீட்டிலேயே தெளிவாகக் கேட்டால், இரண்டு பேரும் ரிப்பீட்டரை விட்டு இறங்கி நேரடி அலைவரிசையில் பேசிக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு வழி கிடைக்கும்.

9. இரண்டு ரூபாய் ஒயரும், ஒரு நல்ல ஆன்டெனாவும்

கருவியோடு வரும் குட்டை ஆன்டெனா சுமார்தான். அதை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள். 49 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாதாரண ஒயர் ஒன்றை வெட்டி, ஒரு முனையைச் சீவி, ஆன்டெனாவின் அடியில் வெளி உலோக வளையத்தில் படும்படி சுற்றி, ஆன்டெனாவைத் திருகி இறுக்குங்கள். மீதி ஒயர் கீழே தொங்கட்டும். நடு முள்ளில் மட்டும் படக் கூடாது. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் அவ்வளவுதான். கையில் பிடித்திருக்கும் கருவிக்கு இல்லாத பாதி ஆன்டெனாவை இந்த ஒயர் ஈடுகட்டும். எனக்கு விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்த ரிப்பீட்டர் ஒயரைத் தொங்கவிட்டதும் நிலையாக நின்றது.

ஆன்டெனா வாங்கும்போது இணைப்பைப் பாருங்கள். யூவி-5ஆர் கருவியில் எஸ்எம்ஏ ஆண் இணைப்பு, ஆன்டெனா பெண்ணாக இருக்க வேண்டும். யேசு மாதிரி கருவிகளில் நேர் எதிர். என் அலமாரியில் இன்னும் ஒரு ஆன்டெனா ஜோடி சேராமல் கிடக்கிறது.

மாடியில் நிரந்தரமாக ஒன்று வைத்து கேபிள் இழுக்கப் போகிறீர்கள் என்றால் கேபிள் நீளத்தைக் குறையுங்கள். ஆர்ஜி-58 கேபிளில் பத்து மீட்டர் தாண்டுவதற்குள் ஐந்து வாட்டில் ஏறக்குறைய இரண்டு வாட் சூடாகவே போய்விடும். மழைக்காலத்துக்கு முன் இணைப்புகளில் தண்ணீர் புகாமல் டேப் சுற்றுங்கள், இடி இடித்தால் கேபிளைக் கழற்றி வெளியே வையுங்கள்.

பேசியதைக் குறிப்பேட்டில் எழுதுவதையும் முதல் நாளிலிருந்தே பழகுங்கள். தேதி, நேரம், அலைவரிசை, எதிர்க் கால்சைன், சிக்னல் ரிப்போர்ட். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும்.

10. பழகிய பிறகு, தலைக்கு மேலே ஒரு ரிப்பீட்டர்

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. நம்மூர் ஹேண்டியாலேயே எட்டலாம். 145.990-இல் அனுப்ப வேண்டும், டோன் 67.0. கேட்பது 437.800-இல். நானூறு கிலோமீட்டர் உயரத்தில், மறைக்க ஒன்றும் இல்லாமல் போவதால் ஐந்து வாட் தாங்கும்.

நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சற்று மேலே தெரியும், போகும்போது கீழே. அதனால் ஐந்து சேனல் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் அனுப்புவது ஒன்றே, கேட்பது மட்டும் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790. எழும்போது முதல் சேனல், மறையும்போது கடைசிச் சேனல். ஒரு தடவை கடப்பது அதிகம் போனால் பத்து நிமிடம். எப்போது வரும் என்று போனில் இருக்கும் ஏதாவது ஒரு செயற்கைக்கோள் செயலியில் பார்க்கலாம். உச்சி 40 டிகிரிக்கு மேல் போகும் நேரமாகப் பாருங்கள். நிலையத்தில் விண்வெளி நடை, விண்கல இணைப்பு மாதிரி வேலைகள் நடக்கும்போது ரிப்பீட்டரை அணைத்து வைப்பார்கள், வேறு முறைக்கும் மாற்றுவார்கள். முன்கூட்டியே பார்த்துவிட்டு மாடியேறுங்கள்.

இந்தியா முழுக்கவும் அதைத் தாண்டியும் ஒரே நேரத்தில் ஆட்கள் கூப்பிடுவார்கள். ஆகவே கால்சைன் ஒரு தடவை, அவ்வளவுதான். வணக்கம், சுகமா எல்லாம் மலை ரிப்பீட்டரில். ஆன்டெனாவைச் செங்குத்தாகவே வைக்காமல் மெதுவாகச் சாய்த்துத் திருப்பிக்கொண்டே இருங்கள், ஒரு கோணத்தில் சட்டென்று தெளியும். இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் மெல்லிய சிக்னலையும் வெட்டிவிடும், அதனால் மெனு 0-வைப் பூஜ்யத்தில் வையுங்கள். இறங்கி வந்ததும் மறக்காமல் பழைய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்து, சார்ஜரில் போட்டு, அணைக்காமலே தூங்கிவிட்டேன். ராத்திரி முழுக்க வீட்டில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அம்மா எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எடுத்துவிட்டு வந்துவிட்டார்.